டேகு 2011: முதலில் வந்த ரோபிள்ஸுக்கு ஏன் தங்கம் கிடைக்கவில்லை?

தூங்காநகரன் எழுதியது:

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய தடகள வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2011 உலக சாம்பியன்ஷிப், தென் கொரியாவின் டேகு நகரம், ஆண்கள் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிப்போட்டி. கியூபாவின் டேய்ரான் ரோபிள்ஸ் 13.14 விநாடியில் முதலில் வருகிறார், அமெரிக்காவின் ஜேசன் ரிச்சர்ட்சன் 13.16, சீனாவின் லியு சியாங் 13.27. ரோபிள்ஸ் கொண்டாடுகிறார். சரி, முடிந்தது என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டேன். அப்புறம் சும்மா பதக்கப் பட்டியலைத் தேடினால் தங்கம் ரிச்சர்ட்சனுக்கு, வெள்ளி லியுவுக்கு, நாலாவதாக வந்த பிரிட்டன்காரர் ஆண்ட்ரூ டர்னருக்கு (13.44) வெண்கலம். ரோபிள்ஸ் தகுதி நீக்கம் என்று போட்டிருக்கிறது.

திரும்பப் போய்ப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஒன்பதாவது தடையிலும் அதைத் தாண்டிப் பத்தாவதுக்குப் போகும்போதும் ரோபிள்ஸின் வலது கை லியுவின் இடது கையில் படுவது தெரிகிறது. ஆனால் பக்கத்துப் பக்கத்து லேனில் இவ்வளவு வேகமாக ஓடும்போது கை படுவது எல்லாப் போட்டியிலும் நடப்பதுதானே? வேண்டுமென்றே செய்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அப்படியே தப்பு என்றே வைத்துக்கொண்டாலும், அடி வாங்கியது லியு, தங்கம் போனது ரிச்சர்ட்சனுக்கு, இது என்ன கணக்கு? மறுபடி ஓட விட்டிருக்கக் கூடாதா? ஹர்டில்ஸ் ஓடியவர்கள், விதி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். எனக்குத் தடகளம் என்றால் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஒலிம்பிக்ஸ் பார்ப்பதோடு சரி.


விசில் எழுதியது:

வேண்டுமென்றே செய்தாரா இல்லையா என்பதை விதி கேட்பதே இல்லை. இன்னொரு வீரரை இடித்தோ மறித்தோ அவருடைய ஓட்டத்தைக் கெடுத்தால் தகுதி நீக்கம் செய்யலாம், அவ்வளவுதான். அப்போது அது 163ஆம் விதியில் 2ஆம் பிரிவாக இருந்தது, பிறகு எண்களை மாற்றிவிட்டார்கள். லியுவே பிறகு, ரோபிள்ஸ் என் நண்பர், தெரியாமல்தான் பட்டது என்கிற மாதிரித்தான் பேசினார். சீன அணி முறையிட்டது, நடுவர்கள் வீடியோவைப் பார்த்து முடிவெடுத்தார்கள், கியூபா மேல்முறையீடு செய்தது, அது நிற்கவில்லை. 2011 ஆகஸ்ட் 29 ராத்திரியோடு கதை முடிந்தது.


பழைய லேன் எழுதியது:

விசில் சொன்னது சரி, ஆனால் தம்பி கேட்ட முதல் கேள்வி அதில்லை. கை படுவது சகஜமா என்றால், ஆமாம், சகஜம். பிறகு ஏன் இது மட்டும் குற்றமானது என்பதுதான் கேள்வி, அதற்கு ஹர்டில்ஸில் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். தடையின் அகலம் ஏறக்குறைய 1.20. அதாவது லேன் முழுக்கத் தடைதான், ஒதுங்க இடமில்லை. உயரம் 106.7 செ.மீ., நம்மில் பலருக்கு இடுப்புக்கு மேலே வரும். முதல் தடை 13.72 மீட்டரில், அப்புறம் ஒவ்வொரு 9.14 மீட்டருக்கும் ஒன்று, மொத்தம் பத்து. இரண்டு தடைக்கு நடுவில் மூன்றே எட்டு (காலடி), கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நன்றாக ஓடுகிறவர்களுக்குத் தடைக்குத் தடை ஏறக்குறைய ஒரு விநாடி. ரோபிள்ஸ் 1.91 மீட்டர் உயரம், லியு 1.89. இந்த நீளக் கை கால்களோடு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறார்கள்.

இப்போது கைக்கு வருவோம். இடது காலை முன்னால் நீட்டித் தாண்டுகிறவருக்கு வலது கை முன்னால் போகும். தடைக்கு மேலே பின்னங்கால், அதாவது வலது கால், மடங்கிப் பக்கவாட்டில் சுழன்று முன்னால் வரும். அது வர இடம் வேண்டும், உடம்பும் திரும்பிவிடக் கூடாது, அதற்காக அந்த வலது கை வெளிப்பக்கமாக ஒரு அரைவட்டம் போட்டுப் பின்னால் போகும். ஆக, எந்தப் பக்கம் பின்னங்கால் வருகிறதோ அந்தப் பக்கம்தான் கையும் வீசும். அந்தப் பக்கத்து லேன்காரருக்குத்தான் ஆபத்து. அவருடைய கையும் இவர் பக்கமாக வீசுகிறது என்றால் இரண்டு கதவு ஒரே நேரத்தில் எதிரெதிராகத் திறந்த மாதிரிதான். வலதுகால்காரர், இடதுகால்காரர் என்று பார்த்து லேன் கொடுப்பதும் கிடையாது.

உரசுவதில் இரண்டு வகை. ஒன்று, இரண்டு பேரும் காற்றில் இருக்கும்போது முழங்கையோ புறங்கையோ தட்டிவிட்டுப் போவது. எரிச்சலாக இருக்கும், ஆனால் அடுத்த எட்டில் சரியாகிவிடும். இன்னொன்று, கை கையில் மாட்டுவது. ஒரு கணம் இழுத்தாலும் போதும், தோள் திரும்பிவிடும், தோள் திரும்பினால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் அடுத்த மூன்று எட்டில் ஒன்று குட்டையாகும். எட்டு குட்டையானால் தடைக்கு ரொம்பத் தள்ளியிருந்து தாவ வேண்டும், தாவினால் பின்னங்கால் இடிக்கும். டேகுவில் லியுவுக்கு நடந்தது இதுதான். எட்டாவது தடை வரைக்கும் ரோபிள்ஸை எட்டிப் பிடித்துக்கொண்டு வந்தவர், ஒன்பதில் கை பட்டது, மறுபடி பட்டது, கடைசித் தடையில் இடித்து நிலைகுலைந்தார். வீடியோவை மெதுவாக ஓடவிட்டு ரோபிள்ஸின் கையைப் பார்க்காமல் லியுவின் தோளை மட்டும் பாருங்கள், புரியும். நடுவர்கள் பார்த்தது தொடுகையை மட்டுமில்லை, அதற்கு அப்புறம் லியுவுக்கு என்ன ஆனது என்பதையும்.

என் சொந்தக் கதை ஒன்று. நான் ஓடிய காலத்தில் எங்கள் பள்ளியில் உருப்படியான தடைகள் மூன்றுதான், மீதிக்குச் செங்கல் அடுக்கி மேலே மூங்கில் கழி வைத்துப் பயிற்சி. கழியில் கால் பட்டால் நமக்குத்தான் வலிக்கும், அதனால் எல்லாரும் தேவைக்கு மேலே உயரமாகத் தாவப் பழகிவிட்டோம். மாவட்டப் போட்டியில் பக்கத்து லேன் பையனின் கை என் மணிக்கட்டில் பலமாக அடித்தது, அடுத்த தடையோடு சேர்ந்து விழுந்தேன். முறையிடப் போனால் மேசையில் இருந்தவர் சொன்னது, "விழுந்தா எந்திரிச்சு ஓடணும்." அன்றைக்கு எனக்கு 163ஆவது தெரியாது, 2ஆவதும் தெரியாது.


ஹவானா ரசிகன் எழுதியது:

பழைய லேன் அண்ணா, விளக்கம் அருமை, ஆனால் முடிவை ஒத்துக்கொள்ள முடியவில்லை. கை படுகிறது என்றால் இரண்டு கையும் அங்கே இருந்தால்தானே படும்? நீங்களே சொல்லிவிட்டீர்கள், இரண்டு கதவு எதிரெதிரே திறப்பது என்று. அப்படியென்றால் ஒரு கதவை மட்டும் ஏன் கழற்றி எறிந்தீர்கள்? ரோபிள்ஸுக்கும் அந்தத் தொடுகையால் வேகம் குறைந்திருக்கும். அவர் தடுமாறி லியு ஜெயித்திருந்தால் லியுவை நீக்கியிருப்பார்களா?

அன்றைக்கு ரோபிள்ஸ் யார் என்பதையும் மறக்கக் கூடாது. 2008 ஜூன் 12, ஆஸ்ட்ராவாவில் 12.87, லியுவின் 12.88ஐ நூறில் ஒரு பங்கு விநாடியில் முறியடித்து உலக சாதனை. அதே வருஷம் பெய்ஜிங்கில் 12.93இல் ஒலிம்பிக் தங்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடும் ஆள், பார்க்கக் கல்லூரி விரிவுரையாளர் மாதிரி இருப்பார், முதல் தடைக்குப் பெரும்பாலானவர்கள் எட்டுக் காலடி வைத்தபோது ஏழு காலடியில் போய்ச் சேர்ந்தவர். அதைப் பார்த்துத்தான் லியுவும் பயிற்சியாளர் சுன் ஹைபிங்கும் இருபத்தேழு வயதுக்கு மேல் எட்டை ஏழாக மாற்றினார்கள். இப்படிப்பட்ட ஆளுக்கு உலக சாம்பியன்ஷிப் தங்கம் வெளியரங்கில் ஒன்றுகூடக் கிடையாது. கிடைத்த ஒன்றும் சில மணி நேரத்தில் போய்விட்டது.

இன்னொரு வேடிக்கை. டேகுவில் தினம் ஒரு நிகழ்ச்சி இதழ் அச்சடித்தார்கள், அட்டையில் அன்றைய நட்சத்திரம். முதல் நாள் ஆஸ்திரேலியாவின் கோலூன்றித் தாண்டும் வீரர் ஸ்டீவ் ஹூக்கர், ஒரு உயரம்கூடத் தாண்டாமல் வெளியே போனார். இரண்டாவது நாள் உசைன் போல்ட், 100 மீட்டர் இறுதியில் முன்கூட்டியே கிளம்பித் தகுதி நீக்கம். மூன்றாவது நாள் அட்டையில் யார்? ரோபிள்ஸ். நாலாவது நாள் ரஷ்யாவின் கோலூன்றித் தாண்டும் வீராங்கனை இசின்பயேவா, பதக்கமே இல்லை. எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் என் போட்டோவை எந்த அட்டையிலும் போட வேண்டாம்.


விசில் எழுதியது:

அட்டைக் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் "இரண்டு கையும் அங்கே இருந்தது" என்ற வாதம் நிற்காது. ஒரு தடவை பட்டால் நீங்கள் சொல்வதை யோசிக்கலாம். அடுத்தடுத்து இரண்டு தடவை, இரண்டு தடவையும் நஷ்டம் ஒரே ஆளுக்கு. ரோபிள்ஸ் தடுமாறவில்லையே, 13.14இல் முடித்தார். யாருக்குப் பாதிப்பு என்று பார்ப்பதுதான் நடுவரின் வேலை.

லியு ஜெயித்திருந்தால் லியுவை நீக்கியிருப்பார்களா? ரோபிள்ஸின் ஓட்டம் கெட்டதாக நடுவர் கண்டால் நீக்க வேண்டியதுதான். செய்திருப்பார்களா என்பது வேறு.


மூன்றாவது மாடி எழுதியது:

எல்லாரும் ரோபிள்ஸையும் லியுவையும் சுற்றியே வருகிறீர்கள். தூங்காநகரன் கேட்ட கடைசிக் கேள்வி அப்படியே கிடக்கிறது: அடி வாங்கியவருக்கு என்ன கொடுப்பது? எனக்கு இந்த விவகாரத்தில் உறுத்துவது அதுதான். ரோபிள்ஸை நீக்கியது சரி. நீக்கினால் லியுவுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைப்பது தப்பு. அவர் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தார். டர்னர் நாலிலிருந்து மூன்றுக்கு வந்தார். கை படாத இரண்டு பேருக்கும், கை பட்ட ஒருவருக்கும் ஒரே அளவு லாபம், ஆளுக்கு ஒரு படி.

மறு ஓட்டம் விதியில் இருக்கிறது. நடுவர் நினைத்தால், நீக்கப்பட்டவரை விட்டுவிட்டு மற்றவர்களை மறுபடி ஓடச் சொல்லலாம். தகுதிச்சுற்றாக இருந்தால் பாதிக்கப்பட்டவரை அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிடலாம், அது சுலபம். இறுதிப்போட்டிக்கு அடுத்த சுற்று எது? 110 மீட்டர் ஹர்டில்ஸ் இறுதியை முழுமூச்சாக ஓடி முடித்தவனை அன்றைக்கே திரும்ப ஓடு என்றால் தொடை தசை கிழிந்துதான் வருவான். மறுநாள் வைத்தால் நேற்று 13.16 ஓடி நியாயமாக முன்னால் வந்த ரிச்சர்ட்சன் எதற்காகத் தன் இடத்தை மறுபடி நிரூபிக்க வேண்டும்? அவர் யார் மேலும் கை வைக்கவில்லை. அரையிறுதியிலேயே 13.11 ஓடியவர், சும்மா மாட்டிய தங்கம் இல்லை அது.

இதே ஓட்டத்தில் எட்டு வருஷம் கழித்து நடந்ததைப் பாருங்கள். 2019 உலக சாம்பியன்ஷிப், தோஹா, அக்டோபர் 2. ஜமைக்காவின் ஒமர் மெக்லாட் கடைசித் தடைகளில் இடித்து, கட்டுப்பாடு இழந்து, பக்கத்து லேனில் ஸ்பெயினுக்காக ஓடிய ஆர்லாண்டோ ஒர்டேகாவின் பாதையில் போய் விழுந்தார். கிராண்ட் ஹாலோவே 13.10இல் தங்கம், செர்கே ஷுபென்கோவ் 13.15இல் வெள்ளி, பிரான்சின் பாஸ்கல் மார்டினோ லகார்ட் 13.18இல் வெண்கலம். பதக்கத்துக்கான இடத்தில் வந்துகொண்டிருந்த ஒர்டேகா 13.30இல் ஐந்தாவது. மெக்லாடை நீக்கினார்கள். ஸ்பெயின் விடவில்லை, மேல்முறையீடு வரை போனது, கடைசியில் ஒர்டேகாவுக்கும் ஒரு வெண்கலம் கொடுத்தார்கள். மார்டினோ லகார்டின் வெண்கலத்தைப் பிடுங்கவும் இல்லை. ஒரே ஓட்டத்துக்கு இரண்டு வெண்கலம்.

அப்போ டேகுவில் லியுவுக்கு இரண்டாவது தங்கம் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். நான் ரொம்ப நாள் அப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் மாறிவிட்டேன். ஒர்டேகா பதக்கம் வாங்கியிருப்பார் என்று ஊகிப்பது ஒன்று, லியு ஜெயித்திருப்பார் என்று ஊகிப்பது இன்னொன்று. எட்டாவது தடையில் லியு நல்ல வேகத்தில் இருந்தார், சரி. ஆனால் ரிச்சர்ட்சன் 13.16. லியு அதற்கும் கீழே ஓடியிருப்பார் என்று கையெழுத்துப் போட எந்த நடுவருக்குத் தைரியம் வரும்? அந்த வருஷம் ஷாங்காயில் 13.07 ஓடியவர் என்பது உண்மைதான். ஷாங்காய் ஓட்டத்தை வைத்து டேகுவில் பதக்கம் கொடுக்க முடியாது. தோஹாவில் கொடுத்தது நல்ல மனசு, அதைக் கணக்காக எழுதச் சொன்னால் எழுத முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு உபரித் தகவல்: ஒர்டேகா கியூபாவில் பிறந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியில் கியூபாவுக்காக ஓடினார், அதில் ரோபிள்ஸும் ஓடினார். அந்த இறுதியை ரோபிள்ஸால் ஒழுங்காக முடிக்க முடியவில்லை, தொடை பிடித்துக்கொண்டது. 12.92இல் தங்கம் அமெரிக்காவின் ஏரீஸ் மெரிட்டுக்கு. ஒரு மாதத்தில் அதே மெரிட் பிரசல்ஸில் 12.80 ஓடி ரோபிள்ஸின் 12.87ஐயும் அழித்துவிட்டார்.


ஹவானா ரசிகன் எழுதியது:

மூன்றாவது மாடி சொன்ன பிறகு கொஞ்சம் யோசிக்கிறேன். சரி, விதிப்படி நீக்கியது தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வயிறு எரிகிறது, அதை எந்த விதியும் தடுக்க முடியாது.


பழைய லேன் எழுதியது:

எரியட்டும், எனக்கு அந்த மாவட்டப் போட்டி இன்னும் எரிகிறது, நாற்பது வருஷம் ஆகப் போகிறது.

லண்டன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். 2008 பெய்ஜிங்கில் சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் லியு முதல் தடையைக்கூடத் தாண்டாமல் குதிகால் தசைநாண் காயத்தோடு திரும்பிப் போனார். 2012இல் லண்டனில் தகுதிச்சுற்று, முதல் தடையிலேயே இடித்து விழுந்தார். எழுந்து உள்ளே போகிற மாதிரிப் போனவர், திரும்பி வந்து ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே தடைகளுக்குப் பக்கமாக முழுத் தூரமும் போனார், கடைசித் தடையைக் குனிந்து முத்தமிட்டார். எல்லைக் கோட்டில் ஹங்கேரிக்காரர் பலாஷ் பாயி அவருடைய கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். தோள் கொடுத்துத் தாங்கிச் சக்கர நாற்காலி வரை கொண்டு போனவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ டர்னர். டேகுவில் ரோபிள்ஸ் நீக்கத்தால் வெண்கலம் வாங்கிய அதே டர்னர். அந்தத் தகுதிச்சுற்றில் முதலில் வந்தவரும் அவர்தான்.


தூங்காநகரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி கேட்டுவிட்டு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வந்து பார்த்தால் இவ்வளவு. பழைய லேன் அண்ணா சொன்ன மாதிரி கையை விட்டுவிட்டுத் தோளை மட்டும் பார்த்தேன், ஒன்பதாவது தடையில் லியுவின் இடது தோள் பின்னால் போகிறது, இத்தனை தடவை பார்த்தும் அது என் கண்ணில் படவே இல்லை. என் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. தோஹா ஓட்டத்தையும் பார்த்தேன், மெக்லாட் சரிவதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அண்ணா, அந்த மூங்கில் கழி சமாசாரத்தைத் தனியாக ஒரு இழையில் எழுதுங்கள்.

இன்னொரு விஷயம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்றாவது மாடி ரிச்சர்ட்சனைப் பற்றி எழுதியதைப் படித்ததும் யோசித்தேன், டேகு வீடியோவை இத்தனை தடவை பார்த்திருக்கிறேன், தங்கம் வாங்கிய மனிதர் எந்த லேனில் ஓடினார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு ராத்திரி அவரை மட்டும் பார்க்கப் போகிறேன்.